ஹைஸ்கூல் மாணவர் கற்க வேண்டிய சமூக பாடம்

சர்க்கார் 2019-ம் வருஷத்தில் வெளியிட்ட பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புஸ்தகத்தில், பொருளாதாரப் பகுதியின் கடைசிப் பாடம் தமிழ்நாட்டின் தொழில் தொகுப்புகளைப் பற்றியதாகும். திருப்பூரில் பின்னலாடை, கோயம்புத்தூரில் யந்திர சாமான்கள், ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கத்தில் தோல், சென்னையைச் சூழ்ந்த பிரதேசத்தில் மோட்டார் வண்டிகளும் எலெக்ட்ரானிக் கருவிகளும் உற்பத்தியாகும் விவரத்தை அது கூறுகிறது. சுங்குவார்சத்திரத்திலோ ஒரகடத்திலோ உட்கார்ந்து இப்பாடத்தை உருப்போடும் மாணவி, ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினால் போதும். பாடம் முழுவதும் கம்பெனி பஸ்களாகவும் கண்டெய்னர் லாரிகளாகவும் சாலையில் ஓடிக்கொண்டிருப்பதைக் காண்பாள். பாடம் இவ்வளவு சமீபத்தில் இருக்கும் பாக்கியம் எல்லா ஊர் மாணவருக்கும் கிடைப்பதில்லை.

ஆயினும் அம்மாணவியை நிறுத்திச் சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். அந்த பஸ்ஸில் போகும் பெண் நிரந்தரத் தொழிலாளியா, ஒப்பந்தத் தொழிலாளியா? இவ்விரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அந்தத் தொழிற்சாலை நிற்கும் நிலம் முன்பு யாருடையது? எந்தச் சட்டத்தின்படி அது கைமாறிற்று? அவ்வூர் ஏரியின் உபரி நீர் எந்த வழியாக எங்கே போய்ச் சேருகிறது? இவற்றுக்கு விடை சொல்லத் தெரியாவிட்டாலும், அவள் பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிடுவாள். இன்னும் இரண்டு மூன்று வருஷங்களில் அதே பஸ்ஸில் ஏறுவாள். அதே சமயத்தில் வோட்டர் பட்டியலிலும் அவள் பெயர் ஏறும். தொழிலாளியாகவும் பிரஜையாகவும் ஒரே காலத்தில் ஆகப்போகும் அவளுக்கு, இவ்விரு நிலைக்கும் வேண்டிய கல்வியை நாம் கொடுத்திருக்கிறோமா என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

பாடபுஸ்தகத்தைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. முந்திய புஸ்தகங்களைக் காட்டிலும் இப்போதுள்ளவை விரிவானவை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் சமூக பாடத்தின் பயன், மாணவன் எத்தனை பெயர்களையும் வருஷங்களையும் நினைவில் வைத்திருக்கிறான் என்பதில் இல்லை. தன்னை ஆளும் காகிதங்களைத் தானே வாசித்து, இதை யார் தீர்மானித்தார்கள், எந்த அதிகாரத்தால் தீர்மானித்தார்கள், இதில் தனக்கு என்ன வழி உண்டு என்று கேட்கத் தெரிந்தவனே பிரஜை. பட்டா, கிராம சபைத் தீர்மானம், கெஜட் அறிவிப்பு, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு ஆகியவற்றை வாசிக்கத் தெரியாமல் ஒருவன் ஹைஸ்கூலை விட்டு வெளியேறுவானாகில், அவன் எழுத்தறிந்தவனாக இருக்கலாம். சுதந்திர நாட்டுப் பிரஜைக்குரிய கல்வியைப் பெற்றவனாகான்.

இந்தப் பிரதேசத்தின் கதையைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். ராமானுஜர் அவதரித்த க்ஷேத்திரம் என்று பல நூற்றாண்டுகள் அறியப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூரை, 1991-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி ராஜீவ் காந்தி அங்கே கொலையுண்ட செய்தி உலகத்தார் அனைவருக்கும் அறிமுகப்படுத்திற்று. அதன் பிறகு ஊரின் தோற்றமே மாறிவிட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-ல் நோக்கியா டெலிபோன் தொழிற்சாலை வேலையைத் துவக்கிற்று. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸான் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. மறு வருஷம் ராயல் என்பீல்டு அங்கே வந்தது. நெல் விளைந்த வயலும் மேய்ச்சல் நிலமும் சிப்காட் எல்லைக்கற்களுக்குள் சென்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளருக்கென்றே 18,720 பேர் தங்கக்கூடிய விடுதிக் கட்டிடங்கள் திறந்துவைக்கப்பட்டன. ஒரு சிறு பட்டணத்தின் ஜனத்தொகையை ஒரே வளாகத்தில் குடியேற்றும் மாறுதல் இது. இந்த மாறுதலை நாம் வெறுக்கவில்லை. நாடு கைத்தொழிலில் உயர வேண்டுமென்று வ. உ. சிதம்பரம் பிள்ளை கப்பல் கம்பெனி நடத்திய காலந்தொட்டு நம்மவர் கண்ட கனவின் ஒரு பகுதியே இது. ஆனால் ஆலை வளரும் வேகத்தில் அறிவும் வளரவில்லையென்றால், வளர்ச்சி யாருக்கு என்ற கேள்வி எழாமல் போகாது.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் இப்பிரதேசம் நமக்கு நான்கு பெரிய சமூக பாடங்களைக் கற்பித்திருக்கிறது. 2014 நவம்பரில் நோக்கியா தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞரும் யுவதிகளும் வேலையிழந்தனர். வருமான வரித் தகராறு, விற்பனை வரித் தகராறு, கம்பெனியின் டெலிபோன் வியாபாரம் வேறொரு கம்பெனிக்குக் கைமாறிய விஷயம் ஆகிய மூன்றும் அதில் பின்னிக் கிடந்தன. 2021 டிசம்பரில், விடுதி உணவால் நூற்றுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் நோயுற்றதைத் தொடர்ந்து, பாக்ஸ்கான் தொழிலாளப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் உட்கார்ந்தனர். நோயுற்றவர்களில் சிலர் இறந்துபோனார்கள் என்ற வதந்தி கைக்குக் கை பரவியது. அது பொய்யென்று தெளிவாவதற்குள் தேசத்தின் முக்கியமான சாலையொன்று ஸ்தம்பித்துவிட்டது. 2023 ஏப்ரல் 21-ந் தேதி, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தச் சட்டம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்க்கவே, மே தினத்தன்று அது வாபஸாகும் என்று முதல் மந்திரி அறிவித்தார். 2024 செப்டம்பர் 9-ந் தேதி சுங்குவார்சத்திரத்திலுள்ள ஸாம்ஸங் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் நடத்தினர். தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டுமென்பது அவர்களது பிரதானக் கோரிக்கை. மாதக்கணக்கில் நிலுவையிலிருந்த சங்கப் பதிவு 2025 ஜனவரியில்தான் கைகூடிற்று.

இந்நான்கிலும் யார் பக்கம் நியாயம் இருந்தது என்று இங்கே தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. அவற்றைப்பற்றி நமது அபிப்பிராயம் வாசகர்கள் அறிந்ததே. நாம் சுட்டிக்காட்டுவது வேறு. ஒரு சட்டம் எப்படி நிறைவேறுகிறது, எப்படித் திரும்பப் பெறப்படுகிறது என்பதைக் கற்பிக்க, 2023-ம் வருஷத்து அந்தப் பத்து நாட்களைவிடச் சிறந்த குடிமைப் பாடம் எது? வரி, அந்நிய மூலதனம், வேலைவாய்ப்பு ஆகிய மூன்றுக்குமுள்ள உறவைக் கற்பிக்க நோக்கியாவைவிடச் சிறந்த பொருளாதாரப் பாடம் எது? சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து அளித்திருக்க, ஒரு பதிவுக்காக மாதக்கணக்கில் காத்து நிற்க நேர்ந்தது ஏன் என்று விசாரிப்பதைவிட ஆழ்ந்த சட்டப் பாடம் எது? மாணவன் படிக்கும் பள்ளிக்கு நாலைந்து மைல் தூரத்தில் இவை நடந்தன. இவற்றைப்பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அன்று பஸ் ஓடவில்லை என்பது மட்டுமாக இருக்கலாமா?

சமூக பாடம் என்ற இப்பிரிவு பள்ளிக்கூடத்துக்குள் வந்த வரலாற்றைப் பார்த்தாலும் இதே முடிவுதான் ஏற்படுகிறது. அமெரிக்காவில் 1916-ல் ஒரு கல்விக் கமிட்டி இப்பெயரை ஹைஸ்கூல் பாடத்திட்டத்தில் நிலைநாட்டியபோது, மாணவன் தான் வாழும் சமூகத்தின் சுகாதாரம், போக்குவரத்து, தொழில், ஆட்சி ஆகியவற்றை நேரே ஆராய்ந்து கற்க வேண்டுமென்று வற்புறுத்திற்று. நமது நாட்டில் காந்தியடிகளின் வார்தாக் கல்வித் திட்டத்தை உருவாக்க 1937-ல் ஏற்பட்ட ஜாகிர் ஹுஸேன் கமிட்டி, கைத்தொழிலை மத்தியில் வைத்து, சரித்திரம், பூகோளம், குடிமை ஆகியவற்றைச் சுற்றுப்புறத்தோடு இணைத்துச் சமூக பாடமாக வகுத்தது. சென்னைச் சர்வகலாசாலையின் உபவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952–53-ல் விசாரணை நடத்திய இடைநிலைக் கல்விக் கமிஷன், உயர்நிலைப் பள்ளியில் எல்லா மாணவருக்கும் சமூக பாடம் பொதுவாக இருக்க வேண்டுமென்றது. தனித்தனித் தகவல் மூட்டைகளாக அல்லாமல், மாணவன் தன் சூழ்நிலையை ஒருங்கே அறிவதற்குரிய சாதனமாக அது அமையவேண்டுமென்றும் கருதிற்று. அவ்வறிக்கை வந்து எழுபது வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. பெயர் நிலைத்துவிட்டது, நோக்கம் பரீட்சைத் தாளின் கீழ் புதைந்துவிட்டது. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் கவுன்ஸிலார் பத்தாம் வகுப்பு அரசியல் புஸ்தகத்திலிருந்து மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும் என்ற பாடத்தையும், ஜனநாயகத்தின் சவால்கள் என்ற பாடத்தையும் அண்மையில் பாரம் குறைப்பதற்கென்று நீக்கினார்கள். பாரத்தைக் குறைக்க வேண்டியதுதான். ஆனால் படகின் துடுப்பைத் தூக்கி எறிந்து பாரம் குறைப்பது விவேகமாகாது.

இனி, என்ன கற்பிக்க வேண்டுமென்று சொல்லுவோம்.

முதலாவது, நிலமும் நீரும். உத்தரமேரூர்க் கல்வெட்டைப்பற்றி நமது மாணவர் அனைவரும் படிக்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி. பி. 919, 921-ம் வருஷங்களில் பொறிக்கப்பட்ட அச்சாசனங்கள், முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. அவற்றில் ஏரி வாரியம் என்று ஒன்று தனியே இருந்தது. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்ற விதியும் இருந்தது. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆடவருக்கு மட்டுமே அவ்வுரிமை இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த உத்தரமேரூர் எங்கே இருக்கிறது? ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் இருக்கும் அதே காஞ்சீபுரம் ஜில்லாவில்தான் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய ஏரி வாரியத்தைப்பற்றி எழுதி இரண்டு மார்க்கு வாங்கும் மாணவனுக்கு, தன் ஊர் ஏரியை இன்று பராமரிப்பது யார், பஞ்சாயத்தா, பொதுப்பணி சம்பந்தப்பட்ட இலாகாவா என்பது தெரிய வேண்டாமா?

இது வெறும் ஊர்ப் பெருமைக்காகச் சொல்லுவதன்று. பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் முதலிய ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிச் செல்வது. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் திறக்கப்பட்டபோது சென்னை நகரம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. மேலே ஒரு கால்வாய் அடைபட்டால் கீழே ஒரு நகரம் மூழ்கும் என்ற பூகோள உண்மையைக் கற்க, மாணவனுக்கு ஆப்பிரிக்கா தேசப் படம் வேண்டியதில்லை. தன் தாலூகாவின் படம் போதும். கிராமத்துப் புலப்படத்தில் ஏரி, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய், புறம்போக்கு ஆகியவற்றை அடையாளம் காணவும், பட்டாவையும் அடங்கலையும் வாசிக்கவும் ஒன்பதாம் வகுப்பிலேயே கற்பித்துவிடலாம்.

இதோடு கிராம சபையையும் சேர்க்க வேண்டும். 73-வது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு பஞ்சாயத்துச் சட்டமும் ஏற்படுத்திய இச்சபை, குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி முதலிய நாட்களில் கூடுவது வழக்கம். பரந்தூர் விமான நிலையத்துக்கென ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் குறிக்கப்பட்டதிலிருந்து, 2022 முதல் ஏகனாபுரத்து ஜனங்கள் கிராம சபையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றி வந்திருக்கிறார்கள். 2025-ல் மத்திய சர்க்கார் அத்திட்டத்துக்குக் கொள்கையளவில் அனுமதியும் கொடுத்துவிட்டது. அப்படியானால் கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்டத்தில் என்ன பலம்? 2013-ம் வருஷத்து மத்திய நில எடுப்புச் சட்டம் சமூக பாதிப்பு மதிப்பீடு வேண்டுமென்கிறது. தொழிலுக்காக நிலம் எடுக்கும் 1997-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் வேறொரு வழியில் செல்லுகிறது. அதைச் சென்னை ஹைகோர்ட் 2019-ல் செல்லாதென்றது. உடனே சட்டசபை அதற்குப் புத்துயிர் அளித்தது. 2021-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. விமான நிலையம் வேண்டும் என்பவனும் வேண்டாம் என்பவனும் முதலில் அறிய வேண்டிய விஷயங்கள் இவை. அறிந்த பிறகு அவரவர் முடிவுக்கு வரட்டும். அறியாமல் கோஷம் போடுவதற்குக் கல்வி தேவையில்லை.

இரண்டாவது, உழைப்பும் சட்டமும். இத்துறையில் நமது மாகாணத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1908-ல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வழிநடத்தியவர் வக்கீலாகிய வ. உ. சி. 1918 ஏப்ரல் 27-ந் தேதி, சென்னையில் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. பி. பி. வாடியா அதன் தலைவரானார், திரு. வி. கல்யாணசுந்தர முதலியார் அதற்காக அல்லும் பகலும் உழைத்தார். 1920–21-ல் ஆலை நிர்வாகம் வாடியாவின் மீது ஹைகோர்ட்டில் வழக்குத் தொடர்ந்து தடையுத்தரவு பெற்றது. தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டுவதே சட்ட விரோதமாகிவிடுமோ என்ற அந்த நிலைதான், என். எம். ஜோஷி மத்தியச் சட்டசபையில் குரல் எழுப்பவும், 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் பிறக்கவும் காரணமாயிற்று. ஏழு பேர் சேர்ந்து பதிவுக்கு விண்ணப்பிக்கலாமென்று அச்சட்டம் இடம் கொடுத்தது; 2001-ல் அதைத் திருத்தி, பத்தில் ஒரு பங்குத் தொழிலாளர் அல்லது நூறு பேர், இவற்றில் எது குறைவோ அது வேண்டுமென்றார்கள். சுங்குவார்சத்திரத்தில் 2024-ல் நடந்த வழக்கின் மூலம் பெரம்பூரில் இருக்கிறது. இந்தத் தொடர்ச்சியை மாணவன் அறிவானாகில், சரித்திரம் இறந்தவர்களின் ஜாபிதாவாக அவனுக்குத் தோன்றுமா?

2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமுலுக்குக் கொண்டு வந்தது. பழைய சட்டங்கள் இருபத்தொன்பது அவற்றுள் அடங்கிவிட்டன. தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டுமென்றும், குறித்த காலத்துக்கு அமர்த்தப்பட்டவருக்கும் ஒரு வருஷம் முடிந்தால் பணிக்கொடை உண்டென்றும் அவை கூறுகின்றன. இவை நல்லவை. ஆனால் வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டுமென்றும், நிலையாணைகள் முந்நூறு பேருக்குக் குறைந்த ஸ்தாபனங்களுக்குக் கட்டாயமில்லையென்றும் அதே தொகுப்புகளில் இருக்கிறது. நூறு பேர் என்றிருந்த எல்லை முந்நூறாக உயர்ந்ததன் பொருள் என்ன? மாநிலத்தில் 1981-ல் இயற்றிய ஒரு சட்டம், இருபத்துநான்கு மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டுமென்று சொல்லுகிறது. பெண்கள் வேலை செய்யும் இடத்தில் தொல்லைக்குள்ளானால் முறையிட, பத்துப் பேருக்குக் குறையாத ஸ்தாபனம் ஒவ்வொன்றும் உள்விசாரணைக் கமிட்டி அமைக்க வேண்டுமென்று 2013-ம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. பதினெட்டு வயதில் வீட்டை விட்டு விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் பெண், இவற்றில் எதையேனும் பள்ளியில் கேள்விப்பட்டிருப்பாளா? முதல் மாதச் சம்பளச் சீட்டில் பிராவிடண்ட் பண்ட் என்று பிடித்தம் செய்திருப்பது அவள் பணம்தான் என்பதையும், அதைத் திரும்பப் பெறும் வழியையும் அவளுக்கு யார் சொல்லுவார்கள்?

ஹூண்டாய், ஸாம்ஸங் ஆகியவற்றின் தாயகமான கொரியாவில் நடந்த ஒரு சம்பவத்தை இவ்விடத்தில் குறிப்பிட விரும்புகிறோம். ஸியோல் நகரத்தில் ஜியோன் டே-இல் என்ற தையல் தொழிலாளி இருந்தான். தொழிலாளரைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று தன் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறதென்று அவனுக்குத் தற்செயலாகத் தெரிய வந்தது. புஸ்தகத்தை வாங்கினான், அது சீன எழுத்துக்கள் நிறைந்த கடின நடையில் இருந்ததால் அவனால் எளிதில் வாசிக்க முடியவில்லை. பொருள் சொல்லித்தரக் கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் இருக்கலாகாதா என்று ஏங்கினான். அதிகாரிகளிடம் மனுக் கொடுத்துப் பயனின்றி, 1970 நவம்பர் 13-ந் தேதி, அச்சட்டத்தை அனுசரியுங்கள் என்று கோஷித்துக்கொண்டே தன் உடலுக்குத் தீ வைத்துக் கொண்டான். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு. கொரியத் தொழிலாளர் இயக்கத்தின் விழிப்பு அந்தத் தீயிலிருந்து பிறந்ததென்று அந்நாட்டார் கருதுகிறார்கள். ஒரு சட்டத்தைத் தாய்மொழியில் வாசித்து அறிய ஓர் இளைஞன் உயிரைக் கொடுக்கும் நிலை எந்த நாட்டுக்கும் வேண்டாம். அதைத் தடுக்கும் இடம் பள்ளிக்கூடம்.

மூன்றாவது, மனிதரும் செய்தியும். இன்று இவ்வட்டாரத்தில் பீஹார், ஒடிஸ்ஸா, வங்காளம், அஸ்ஸாம் முதலிய பிரதேசங்களிலிருந்து வந்தவர்கள் பெருந்தொகையினர் உழைக்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகள் நம் குழந்தைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் படிக்கிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீஹார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரப்பப்பட்டன. வேறு இடங்களில் வேறு காலத்தில் நடந்தவற்றை இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். பீஹார் சர்க்கார் ஒரு தூதுகோஷ்டியை அனுப்பி விசாரித்தது. அதற்குள் பயந்து ஊர் திரும்பியவர் பலர். 2021-ல் நெடுஞ்சாலையில் பரவிய வதந்தியும், 2023-ல் தேசம் முழுவதும் பரவிய வதந்தியும் ஒரே வியாதியின் இரு அறிகுறிகள். ஒரு செய்தி கிடைத்தால் யார் சொன்னது, எப்போது, எதைக் கண்டு சொன்னது என்று கேட்கும் பழக்கம் சரித்திர ஆராய்ச்சியின் அரிச்சுவடி. கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் பிரயோகிக்கும் அதே சோதனையைக் கைபேசியில் வரும் படத்துக்கும் பிரயோகிக்க மாணவருக்குக் கற்பித்தால், தேச ஒற்றுமைக்கு அதைவிடச் சிறந்த தொண்டு வேறில்லை.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் கிளம்புமென்று அறிவோம். பள்ளிக்குள் அரசியல் நுழைகிறது என்பார்கள் சிலர். கட்சி அரசியல் நுழையக் கூடாதென்பதில் நமக்கும் சம்மதமே. ஆனால் சட்டத்தை வாசிப்பது கட்சி வேலையன்று. தொழிலாளியின் கடமையும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. முதலாளியின் உரிமையும் அதில்தான் இருக்கிறது. இரு பக்கத்து வாதத்தையும் வகுப்பில் எடுத்து வைக்க வேண்டுமென்பதே நமது யோசனை.

உரிமை பேசும் தொழிலாளரைக் கண்டால் மூலதனம் ஓடிவிடும் என்பார்கள் வேறு சிலர். இது விசித்திரமான வாதம். ஒரகடத்துக்கு லாரித் தொழிற்சாலை அனுப்பிய ஜெர்மனியில், தொழிற்சாலைக் கவுன்ஸில்கள் 1920-லேயே சட்டத்தில் இடம் பெற்றன. வேலை பழகும் இளைஞரும் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் அந்நாட்டுத் தொழில் அழிந்துவிடவில்லை. சட்டமறிந்த தொழிலாளி மனுக் கொடுப்பான், பேச்சு வார்த்தைக்கு வருவான். அறியாதவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் இரவு நடுச்சாலையில் உட்காருவான். இவர்களில் எவனோடு தொழில் நடத்துவது சுலபமென்பதை முதலாளிகளே யோசிக்கட்டும்.

பாடபாரம் ஏற்கெனவே அதிகம், உபாத்தியாயர்களுக்கு நேரமில்லை என்பது மூன்றாவது ஆட்சேபம். இதுதான் உண்மையான கஷ்டம். இதை அலட்சியம் செய்ய முடியாது. ஆகையால் புதிய புஸ்தகம் எதையும் நாம் கோரவில்லை. இருக்கும் பாடங்களில் மனப்பாடப் பகுதியைக் குறைத்து, ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் வருஷத்துக்கு நான்கே நான்கு நேரடி வேலைகளை வைத்தால் போதும். கிராமப் படத்தைப் பார்த்து ஏரியின் நீர்வழியை நடந்து காண்பது ஒன்று. ஒரு கிராம சபைக்குப் போய் உட்கார்ந்து, நடந்ததை ஒரு பக்கம் எழுதுவது ஒன்று. மாதிரி நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் வரி வரியாக வாசிப்பது ஒன்று. ஊரில் பரவிய ஒரு செய்தியை எடுத்து அதன் மெய்ம்மையைச் சோதிப்பது ஒன்று. நூறு மார்க்கில் இருபது இவற்றுக்கு ஒதுக்கப்பட வேண்டும். மார்க்கு இல்லாத வேலையை நமது பள்ளிகளில் மாணவரும் செய்யார், உபாத்தியாயரும் செய்யார், பெற்றோரும் பொறார். சட்டத் தொகுப்புகளின் சாரத்தை எளிய தமிழில் சிறு பிரசுரமாக அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்புவது தொழிலாளர் இலாகாவுக்குப் பெரிய செலவாகாது. தொழிற்பேட்டை வட்டாரங்களில் முதலில் பரீட்சித்துப் பார்த்துப் பின்னர் மற்ற ஜில்லாக்களுக்கு விரிக்கலாம்.

அரசியல் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்தல் காலத்தில் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் நூறு கொடிகள் பறக்கின்றன. அக்கொடிகளை ஏந்தும் தோழர்கள், தத்தம் ஊர்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் என்ற முறையில் இடம் பெற்று, மேலே சொன்ன நான்கு வேலைகளுக்கும் உதவி செய்ய முன்வரட்டும். கிராம சபை நடக்கும் நாளில் பத்து மாணவர்கள் பின்வரிசையில் நோட்டுப் புஸ்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்களாயின், முன்வரிசையில் இருப்பவர் கணக்கைச் சற்றுக் கவனமாகவே வாசிப்பார்.

அந்நியர் ஆட்சியில் குமாஸ்தாக்களை உண்டாக்கும் கல்வி இது என்று நமது முன்னோர் நொந்துகொண்டார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்த, போடும் காகிதத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாத தொழிலாளரை உண்டாக்கும் கல்வியாகச் சுயராஜ்யத்தில் அது முடியுமாகில், நாம் அடைந்த மாறுதல் சொற்பமே. இந்த வருஷம் பத்தாம் வகுப்பிலிருக்கும் மாணவி வெகு சீக்கிரத்தில் கம்பெனி வாசலில் நின்று ஒரு காகிதத்தில் கையொப்பமிடப் போகிறாள். அதை அவள் வாசித்துவிட்டுக் கையொப்பமிட வேண்டும். கல்வி அதிகாரிகளும், சட்டசபை அங்கத்தினர்களும், தொழிற்சங்கத்தாரும் இவ்விஷயத்தில் காலதாமதமின்றிக் கவனம் செலுத்துவார்களென்று நம்புகிறோம்.